வளைஞ்சதை நிமிர்த்துனா ஆச்சா?

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. சட்டுனு மனசு புண்படுறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். அப்புறம் பின்னூட்டத்துல வந்து "உள்குத்து இருக்கா"ன்னு கேக்காதீங்க. இருக்கு. வெளிக்குத்தாவே இருக்கு.

நம்ம பதிவுலகத்துல, குறிப்பா கடல் தாண்டி உக்காந்து எழுதுற ஆளுங்க, வருஷத்துக்கு ஒருதடவையாவது ஒரே பதிவை மாத்தி மாத்தி எழுதறாங்க. "இங்க ஒரு ஸ்க்ரூ கழண்டாலும் மொத்தத்தையும் தூக்கிப் போடுறான். நம்ம ஊரா இருந்தா பட்டறைக்காரர் ரெண்டு தட்டு தட்டி, சூடு காட்டி, ஒரு வெல்டிங் அடிச்சு அனுப்பிடுவார்." அதுக்குக் கீழே வரிசையா "சூப்பர் தல", "கலக்கல்", "மண்வாசனை". ரிப்பேர் என்பது நம்ம ரத்தத்துல ஓடுதாம். வாங்குறது மட்டும்தான் வெள்ளைக்காரனுக்குத் தெரியுமாம்.

நானும் இங்க மிச்சிகன்ல ஆணி புடுங்குறவன்தான். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு, இப்போ கோடு அடிச்சுப் பொழைக்கிறேன். தூக்கிப் போடுற பழக்கம் எனக்கும் பிடிக்காது. ஆனா இந்த "ரெண்டு தட்டு" கோஷ்டியைப் பார்த்தா அதைவிட அதிகமா பத்திக்கிட்டு வருது. காரணம், வளைஞ்ச ஒரு இரும்புச் சட்டம்.

இந்த மாநிலத்துல 11,000-க்கும் மேல உள்நாட்டு ஏரி. அதனால ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசல்ல படகு நிக்குதோன்னு தோணும். படகுன்னு இருந்தா அதை இழுத்துட்டுப் போக ட்ரெய்லர் இருக்கும். நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர், தூத்துக்குடிக்காரர், கடலைப் பிரிஞ்ச ஏக்கத்துல பழைய 17 அடி அலுமினியப் படகு ஒண்ணை ட்ரெய்லரோட வாங்கினார். செயின்ட் க்ளேர் ஏரிக்கரையில படகு இறக்கப் பின்னால எடுக்கும்போது வண்டி ஒரு பக்கம், ட்ரெய்லர் ஒரு பக்கம்னு மடங்கி, பம்பர் போய் ட்ரெய்லரோட நாக்குல முட்டிடுச்சு. நாக்குன்னா, வண்டியில மாட்டுற கப்ளர்ல இருந்து பின்னால சட்டம் வரைக்கும் வர்ற அந்த நீளமான பாக்ஸ் பைப். இங்க 'டங்'னுதான் சொல்றாங்க. அது பக்கவாட்டுல வளைஞ்சுது.

பக்கத்துல ஒரு பட்டறை. பேரு வேண்டாம். கேஸ் வச்சுச் செக்கச் செவேல்னு சூடாக்கி, சங்கிலி போட்டு ஜாக்கியால இழுத்து நிமிர்த்தி, மேல ஒரு பட்டையை வெல்ட் பண்ணி, கறுப்புப் பெயின்ட் அடிச்சுக் கொடுத்துட்டாங்க. 250 டாலர். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா தம்பி, அமெரிக்காவுலயும் நம்ம ஊர் மாதிரி ஒரு ஆளு இருக்கான்டே"ன்னு போன்ல புகழ்ந்து தள்ளினார்.

போய்ப் பார்த்தேன். பார்க்க நேராத்தான் இருந்துச்சு. பிரச்சனையே அங்கதான் ஆரம்பம்.

டேப் எடுத்து, கப்ளரோட நடுவுல இருந்து அச்சோட இடது முனை, வலது முனை ரெண்டுக்கும் அளந்தேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அரை இஞ்சு வித்தியாசம். அரை இஞ்சுனால ட்ரெய்லர் கவிழ்ந்துடாது, அது எனக்கும் தெரியும். வண்டிக்குப் பின்னால நேரா வராம, நண்டு மாதிரி கொஞ்சம் ஒருபக்கமா வரும், அவ்வளவுதான். ஆனா "நிமிர்த்திட்டேன்"னு காசு வாங்கின ஆளு டேப்பைக்கூட எடுத்துப் பார்க்கலைங்கிறதுக்கு அந்த அரை இஞ்சுதான் சாட்சி. டேப் எடுக்காத ஆளு வேற எதைப் பார்த்திருப்பார்?

இனி கொஞ்சம் பாடம். கொட்டாவி விடாம கேளுங்க.

இரும்பை ஓரளவு வளைச்சு விட்டா பழைய நிலைக்கு வந்துடும். அந்த எல்லையைத் தாண்டினா வராது, நிரந்தரமா வளைஞ்சுடும். சாதாரணக் கட்டுமான இரும்புக்கு அந்த எல்லை சுமார் 250 மெகாபாஸ்கல். உங்க ட்ரெய்லர் சட்டம் வளைஞ்சு அப்படியே நிக்குதுன்னா, அந்த இடத்துல எல்லை தாண்டியாச்சு. திரும்ப நிமிர்த்தணும்னா எதிர்ப்பக்கமும் அதே எல்லையைத் தாண்டணும். அதாவது அடிபட்ட இடத்துலயே இன்னொரு அடி. கம்பி ஒண்ணை இப்படியும் அப்படியும் வளைச்சா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல வேலிக் கம்பியை அப்படித்தானே ஒடிச்சோம்?

இது கெட்டியான கம்பிகூட இல்லை. உள்ளே காலியான பைப். வளையும்போது வெளிவளைவுச் சுவர் நீளும், உள்வளைவுச் சுவர் சுருங்கி மடிஞ்சு நெளியும். ஸ்ட்ராவை மடக்கிப் பாருங்க, ஒரு மடிப்பு விழும். திரும்ப நீட்டுங்க. ஸ்ட்ரா நேராயிடும், மடிப்பு போகுமா? அடுத்த தடவை எங்க மடங்கும்? அதே இடத்துலதான். நேரா இருக்கிறதும் வலுவா இருக்கிறதும் வேற வேற. கண்ணுக்குத் தெரியறது முதலாவது. உயிரைக் காப்பாத்துறது ரெண்டாவது.

சரி, மேல ஒட்டின அந்தப் பட்டை? அண்ணாச்சி ட்ரெய்லர்ல மடிப்பு விழுந்தது வலது பக்கச் சுவர்ல. பட்டை ஒட்டினது மேல்பக்கம். ஏன்? அங்கதான் நின்னுக்கிட்டு வெல்டிங் அடிக்க வசதி! வேற காரணம் எனக்குத் தோணலை. இதுல இன்னொரு கூத்து. ஓடும்போது நாக்கோட முனையை வண்டியோட ஹிட்ச் பந்து கீழே இருந்து தாங்குது. அப்போ நாக்கோட அடிப்பக்கம்தான் இழுபடும், மேல்பக்கம் அழுத்தப்படும். விரிசல் விடுறது இழுபடுற பக்கத்துல. நம்ம ஆளு பட்டை போட்டது அழுத்தப்படுற பக்கத்துல. காய்ச்சல் அண்ணனுக்கு, ஊசி தம்பிக்கு.

சூடு விஷயத்துக்கு வருவோம். "சூடு காட்டினா இரும்பு பழையபடி ஆகிடும்"னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட ஊறிக் கிடக்கு. சூடு வச்சு நிமிர்த்துறது பொய் வித்தை இல்லை. லாரி இடிச்சு வளைஞ்ச பாலத்து இரும்பு உத்தரங்களை அமெரிக்காவுல அப்படித்தான் சரி பண்றாங்க. ஆனா அதுக்கு முறை இருக்கு. வி வடிவத்துல சூடு கொடுக்கணும், சாதாரண இரும்புன்னா 1,200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 650 செல்சியஸைத் தாண்டக் கூடாது, வெப்பநிலையை அளந்துக்கிட்டே செய்யணும், இழுக்கிற விசைக்கும் ஒரு வரம்பு உண்டு. செக்கச் செவேல்னு ஒளிர்ற இரும்பு அந்த வரம்பைத் தாண்டியாச்சுன்னு அர்த்தம். அதுவும் பாலத்துல கெட்டியான தகடு. இங்க எட்டுல ஒரு பங்கு இஞ்சு சுவர் உள்ள பைப். ஒரு சாதியோட மருந்தை இன்னொரு சாதி நோய்க்குக் கொடுத்துட்டு "வைத்தியம்தானே"ன்னா எப்படி?

ட்ரெய்லர் கால்வனைஸ் பண்ணினதா இருந்தா இன்னும் மோசம். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், 907-ல ஆவியாயிடும். சூடு காட்டின இடத்துல பூச்சு போச்சு. தண்ணியில முங்கி எழுறதுக்குன்னே செஞ்ச ட்ரெய்லர்ல, வளைஞ்ச இடத்துலயே துருவுக்குக் கதவைத் திறந்து விட்டாச்சு. அந்தப் புகையைச் சுவாசிச்ச வெல்டருக்குச் சில மணி நேரம் கழிச்சுக் குளிரும் காய்ச்சலும் வரும். அதனால அடிக்கிறதுக்கு முன்னால அந்த இடத்துப் பூச்சைக் கிரைண்டர்ல எடுத்துடணும், காத்தோட்டமான இடத்துல செய்யணும். "பால் குடிச்சா சரியாயிடும்"னு சொல்ற ஊர் நம்மளோடது. வெல்டரோட நுரையீரலுக்கு நாம கொடுக்கிற மரியாதை அரை லிட்டர் பால்.

அலுமினியச் சட்டமா? அது சூடாகும்போது இரும்பு மாதிரி சிவக்கவே சிவக்காது. உருகப்போற வரைக்கும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பதப்படுத்தி வலு ஏத்தின அலுமினியத்துல வெல்டிங் அடிச்சா, தையலுக்குப் பக்கத்துல வலு ஏறக்குறைய பாதியாக் குறையும். நல்லவேளை, அலுமினிய ட்ரெய்லர்ல பெரும்பாலும் ஐ வடிவ உத்தரங்களைப் போல்ட் போட்டுத்தான் சேர்த்திருப்பாங்க. வளைஞ்ச உத்தரத்தைக் கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டலாம். சுத்தியலுக்கு அங்க வேலையே இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வியை யாரும் கேக்கலை. இடிச்சது சரி, ஆனா இவ்வளவு சுலபமா ஏன் வளைஞ்சுது?

ரெண்டு வாரம் என்கூடப் பேசாம இருந்த அண்ணாச்சி (ஆமா, கோவம்தான்) அப்புறம் அவரே கூப்பிட்டார். பட்டையோட ஓரத்துல பெயின்ட் மயிரிழை மாதிரி விரிஞ்சிருக்குன்னு. படகை இறக்கி வச்சுட்டு, அந்தப் பகுதியை வெட்டினோம். பைப்புக்குள்ள இருந்து கைப்பிடி கைப்பிடியா துருச்சேறு கொட்டிச்சு. ஒவ்வொரு தடவையும் ஏரியில முங்கும்போது உள்ளே போன தண்ணி, குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு, வெளியே போக வழியில்லாம அடைஞ்சு போன ஓட்டை. வெளியே பளபளப்பு, உள்ளே பாதிச் சுவரைக் காணோம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டுக்கு மூணு இஞ்சு பாக்ஸ் பைப், சுவர் எட்டுல ஒரு பங்கு இஞ்சு. உள்பக்கமா அரிச்சு அது பதினாறுல ஒரு பங்கு ஆச்சுன்னா, வளையாம தாங்குற வலுவுல சுமார் 54 சதவீதம்தான் மிச்சம். வெளி அளவு மாறவே மாறாது, பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரியே இருக்கும். அதைத்தான் நிமிர்த்திக் கொடுத்திருக்காங்க, 250 டாலருக்கு. சுத்தியலால தட்டிக் கேட்டிருந்தாலே மொத்தைச் சத்தம் காட்டிக் கொடுத்திருக்கும். தட்டினாங்க, கேக்கலை.

இன்னொரு காரணமும் பொதுவா இருக்கும், எடை. ட்ரெய்லர்ல ஒரு தகடு ஒட்டியிருப்பாங்க, மொத்தம் இவ்வளவு பவுண்டுதான்னு. அது ட்ரெய்லரோட சொந்த எடையையும் சேர்த்து. நம்ம ஆளுங்க படகு விக்கிறவன் கொடுத்த தாள்ல இருக்கிற வெறும் படகு எடையை மட்டும் பார்ப்பாங்க. எஞ்சின் யார் கணக்கு? 20 கேலன் பெட்ரோல்னா அதுவே 120 பவுண்டு. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, பிரியாணி அண்டா… சுமை கூடினதால வளைஞ்ச சட்டத்தை நிமிர்த்திட்டு அதே சுமையை ஏத்தினா, அடுத்த வளைவுக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம்.

"அப்போ தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா? நீயும் கம்பெனிக்காரன் பக்கமா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அந்தக் கோஷ்டிக்கும் இதே பதிவுல அர்ச்சனை உண்டு. சட்டம் வளைஞ்சா ட்ரெய்லரே குப்பைங்கிறது சோம்பேறித்தனம். ஒரு நாக்கு பைப்புக்காக ஆயிரக்கணக்கான டாலருக்குப் புது ட்ரெய்லர் வாங்குறது பணத்திமிர். பல ட்ரெய்லர்ல நாக்கை யு போல்ட் போட்டுத்தான் மாட்டியிருப்பாங்க. கழட்டு, அதே அளவு, அதே கனம் உள்ள புதுப் பைப்பை மாட்டு, முடிஞ்சுது. வெல்ட் பண்ணினதா இருந்தா, கெட்ட பகுதியை நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். சேர்க்கிற இடத்துல உள்ளே ஒரு ஸ்லீவ், இல்லைன்னா ரெண்டு பக்கச் சுவர்லயும் தகடு. அந்தத் தகடோட முனை சாய்சதுரம் மாதிரி சரிவா இருக்கணும். குறுக்கே நேர்கோடா வெல்டிங் ஓடினா, அந்தக் கோட்டோரமாவே விரிசல் கிளம்பும். அண்ணாச்சி ட்ரெய்லர்ல விரிஞ்சது சரியா அந்தக் கோட்டுலதான்.

வேலை முடிஞ்சதும் துத்தநாகப் பெயின்ட், தண்ணி வடிய ஓட்டை. அப்புறம் அளவு. கப்ளர்ல இருந்து அச்சோட ரெண்டு முனைக்கும் அளவு, சட்டத்தோட ரெண்டு மூலைவிட்டம், முறுக்கு இருக்கான்னு முன்னும் பின்னும் ரசமட்டம். காலியா ஒருதடவை, படகு ஏத்தி ஒருதடவை. முதல் பயணம் முடிஞ்சு வந்ததும் போல்ட்டெல்லாம் திரும்ப முடுக்கணும். அண்ணாச்சிக்கும் அப்படித்தான் ஆச்சு. முறையா சான்று வாங்கின வெல்டர் ஒருத்தர் செஞ்சு கொடுத்தார். செலவு முதல் பட்டறையைவிடக் கூட, புது ட்ரெய்லரைவிட ரொம்பக் கம்மி.

இதுக்குப் பேருதான் ரிப்பேர். ஏன் வளைஞ்சுதுன்னு கேக்கிறது, கெட்டதை எடுக்கிறது, நல்லதைப் போடுறது, அளந்து பார்க்கிறது. இதுல "ரெண்டு தட்டு" எங்கேயும் இல்லை.

இப்போ நம்ம மண்வாசனைப் பார்ட்டிகளுக்கு. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுறவங்களையோ, கரூர்ல பஸ் பாடி கட்டுறவங்களையோ நின்னு பார்த்திருக்கீங்களா? நல்ல மேஸ்திரி முதல்ல சுத்தியலை எடுக்க மாட்டார். நூலை எடுப்பார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் பிடிச்சு, ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்து, மூலைமட்டம் வச்சு, அப்புறம்தான் மத்ததெல்லாம். டிங்கரிங் வேற, சேஸிஸ் வேலை வேறன்னு அவருக்குத் தெரியும். கதவுல விழுந்த நெளிவைத் தட்டி எடுக்கலாம், கதவு சுமை தாங்காது. சேஸிஸ் தாங்கும். நீங்க ஊர்ப்பெருமை பேசும்போது அந்த நூலை விட்டுட்டீங்க, சுத்தியலை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க. அம்பது ரூபாயைப் பாராட்டுறீங்க, அவரோட கண்ணைப் பாராட்டலை. அவரோட அறிவை "கைராசி"ன்னு சொல்லி முடிச்சுடறீங்க. பட்டறைக்காரரைப் புகழற மாதிரி அவமானப்படுத்துறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

நம்ம பொறியாளர் கூட்டத்துக்கும் ஒரு கேள்வி. நாலு வருஷம் வளைவு விசை, விரிசல், சோர்வுன்னு எழுதி எழுதி அரியர் வச்சுக்கூடப் பாஸ் பண்ணினோமே. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா, காரணம் தெரியாம மேலாக ஒட்டுப் போட்டவனைக் கோடு ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்க விடறோமே. அதே ஆளு சனிக்கிழமையானா 3,000 பவுண்டை வண்டிக்குப் பின்னால கட்டிக்கிட்டு, "பார்க்க நேராத்தானே இருக்கு"ன்னு கிளம்பறது என்ன நியாயம்? சாஃப்ட்வேர்ல தப்பான ஒட்டுப் போட்டா ராத்திரி போன் வரும். இங்க ஐ-94-ல பின்னாடி வர்ற காருக்கு யார் போன் பண்றது?

அதுதான் என் கோவத்தோட வேர். இந்த மாநிலத்துல தனியார் வண்டிக்கு வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. ட்ரெய்லருக்கு ஒருதடவை நம்பர் பிளேட் வாங்கினா அது நிரந்தரம். யாரும் வந்து குனிஞ்சு பார்க்கப் போறதில்லை. உங்க நாக்கு பைப் ஒடிஞ்சா, கப்ளர்ல மாட்டின பாதுகாப்புச் சங்கிலியாலயும் பெருசா பிரயோஜனம் இருக்காது. சங்கிலி கட்டியிருக்கிறதே பல ட்ரெய்லர்ல அந்த நாக்குலதான். படகு தனியா, வண்டி தனியா. பின்னால வர்றவர் உங்க ரிப்பேருக்குச் சம்மதம் சொன்னாரா? உங்க சிக்கனத்துல அவருக்குப் பங்கு கொடுத்தீங்களா?

சொந்த உயிரை வச்சு விளையாடறது உங்க இஷ்டம். அடுத்தவன் உயிரை வச்சுச் சிக்கனம் பண்ணிட்டு, அதுக்கு "நம்ம ஊர்ப் புத்திசாலித்தனம்"னு பேர் வைக்காதீங்க. ஊருக்கு அதைவிட நல்ல பேர் இருக்கு.

ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வரிசையா வந்து கும்மலாம். ஒரே நிபந்தனை, வரும்போது டேப்பைக் கையோட எடுத்துட்டு வாங்க.

டிஸ்கி: அண்ணாச்சி இந்தப் பதிவைப் படிச்சாச்சு. "ஏன்டே, என் ட்ரெய்லரை ஊர் முழுக்க நாறடிச்சுட்டியே"ன்னார். அடுத்த ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வரச் சொல்லியிருக்கார். மீன் மாட்டினா குழம்பு, மாட்டலைன்னா எனக்கு அர்ச்சனை. :-)